டிஸ்லெக்சியா பையனுக்கு விஷன் தெரபி எடுக்கச் சொல்றாங்க. கண்ணுதான் காரணமா?

வாசுகி_ர

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க. பையன் மூணாங்கிளாஸ். டிஸ்லெக்சியான்னு, அதாவது வாசிக்கறதுல மட்டும் வர்ற குறைபாடுன்னு, முறையா அசெஸ்மென்ட் பண்ணி ரிப்போர்ட் கையில இருக்கு. நான் வாசிச்சுக் காட்டினா கதையில யார் என்ன சொன்னாங்க, ஏன் சொன்னாங்கன்னு அப்படியே திருப்பிச் சொல்லுவான், சில சமயம் எனக்கே தோணாததெல்லாம் கேப்பான். அதே பக்கத்த அவன் கையில குடுத்தா முதல் வரியிலயே நின்னுருவான். 'குதிரை'ன்னு இருந்தா 'குதிச்சான்'னு படிப்பான், முதல் எழுத்தப் பாத்துட்டு மிச்சமெல்லாம் ஊகம்தான்.

இப்ப புதுசா என்னன்னா, ஒரு இடத்துல கண் டெஸ்ட் பண்ணிட்டு "இது டிஸ்லெக்சியாவே இல்லைங்க, ரெண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யல, ஆறு மாசம் விஷன் தெரபி, அதாவது கண் பயிற்சி, எடுத்தா வாசிப்பு தானா வந்துரும்"னு சொல்றாங்க. கலர் கண்ணாடியும் போட்டுப் பாக்கலாமாம். வீட்டுக்காரர் உடனே சேத்துரலாம்ங்கறார். எனக்கு என்ன தயக்கம்னா, தெரபி நேரமும் ஸ்பெஷல் எஜுகேட்டர் கிளாஸ் நேரமும் ஒண்ணா வருது, ரெண்டுல ஒண்ணத்தான் பிடிக்க முடியும். நெட்ல தேடினா பாதிப் பேரு அற்புதம்ங்கறான், பாதிப் பேரு ஏமாத்து வேலைங்கறான். ஆராய்ச்சி நெஜமாவே என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.

ஆய்வுப்பூச்சி

அக்கா, இந்தக் குழப்பத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல வயசாச்சு. டிஸ்லெக்சியாங்கற பேர 1887-ல வெச்ச ருடால்ஃப் பெர்லினே ஜெர்மனியில ஒரு கண் டாக்டர். கிளாஸ்கோவுல இதப் பத்தி நிறைய எழுதின ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட்டும் கண் டாக்டர்தான். படிக்க வரலைன்னா அப்பவும் முதல்ல கண் டாக்டர்கிட்டதான கூட்டிட்டுப் போனாங்க! ஆனா பாருங்க, கண்ணப் பாத்துட்டு 'கண்ணு நல்லாத்தான் இருக்கு, சிக்கல் மூளை சொல்ல எப்படி எடுத்துக்குதுங்கறதுல'ன்னு சொன்னதும் அவங்கதான். 1896-ல பிரிங்கிள் மார்கன்னு ஒரு டாக்டர் பெர்சின்னு 14 வயசுப் பையனப் பத்தி எழுதினார். பார்வை சரியா இருக்கு, கணக்கு வருது, வாசிப்பு மட்டும் வரல. பாடத்த முழுக்க வாயாலயே நடத்தினா ஸ்கூல்லயே இவன்தான் கெட்டிக்காரனா இருப்பான்னு அவன் வாத்தியார் சொன்னதா அதுல இருக்கு. நீங்க பையனப் பத்தி எழுதினதப் படிச்சதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

இப்பத்திய டேட்டாவுக்கு வரேன். இங்கிலாந்துல பிரிஸ்டல் பக்கம் 1990-களோட ஆரம்பத்துல பிறந்த குழந்தைங்கள தொடர்ந்து கவனிச்சுட்டு வர்ற ஒரு பெரிய ஆய்வு இருக்கு. அதுல 7 லேர்ந்து 9 வயசு வரைக்கும் உள்ள 5,822 பேரோட கண் டெஸ்டையும் வாசிப்பு டெஸ்டையும் சேத்துப் பாத்து 2015-ல 'பீடியாட்ரிக்ஸ்' ஜர்னல்ல போட்டாங்க. மாறுகண், கிட்டப்பார்வை, தூரப்பார்வை, ஆழம் தெரியறது, ஃபோகஸ் மாத்தறது, ரெண்டு கண்ணும் சேர்றது எல்லாமே அதுல உண்டு. கடுமையான வாசிப்புச் சிக்கல் இருந்தவங்க 172 பேர், அதாவது 3%. அவங்கள்ல எந்த டெஸ்ட எடுத்துப் பாத்தாலும் அஞ்சுல நாலு பேருக்கு கண் நார்மல். "டிஸ்லெக்சியாவே இல்ல, கண்ணுதான்"னு சொல்றவங்ககிட்ட இந்த அஞ்சுல நாலு பேரப் பத்திக் கேளுங்க, என்ன பதில் வருதுன்னு பாப்போம்.

கண்ணாடிக்காரன்

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண் டெஸ்ட் பண்ணி கண்ணாடி எழுதிக் குடுக்கற ஆளு, கண் டாக்டர் இல்ல. அதனால என் பேச்ச அப்படியே நம்பிராம கொஞ்சம் யோசிச்சே எடுத்துக்கோங்க. பூச்சி ப்ரோ பாதிக் கதைதான் சொல்லிருக்கார். 2018-ல பாஸ்டன்ல குழந்தைங்க ஆஸ்பத்திரியில ஒரு ஆய்வு பண்ணி 'ஜாமா ஆஃப்தால்மாலஜி'ல போட்டாங்க. டிஸ்லெக்சியா இருக்கற 29 பசங்க, சாதாரணமா வாசிக்கற 33 பசங்க. ஃபோகஸ் பண்றதுல குறை இருந்தது டிஸ்லெக்சியா பக்கம் 55%, மத்தவங்கள்ல 9%. வரிய கண்ணால தொடர்றதுல குறை 62%, இந்தப் பக்கம் 15%. இது சின்ன வித்தியாசமா சொல்லுங்க? ஸ்கூல்ல சார்ட்ட மாட்டி தூரத்துலேர்ந்து எழுத்து தெரியுதான்னு பாக்கறதுல இதெல்லாம் மாட்டவே மாட்டாது. ஆறு மீட்டர் தூரத்துல கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிக்கற பையனுக்கு முப்பது சென்டிமீட்டர்ல புத்தகம் பத்து நிமிஷம் தாங்காது, இந்த மாதிரி கேஸ் எங்ககிட்ட சாதாரணமா வரும்.

வாசுகி மேடம், ரெண்டு விஷயம் சொல்லுங்க. பையன் ஆரம்பத்துல ஓரளவு படிச்சுட்டு போகப் போகத் தடுமாறுறானா, இல்ல முதல் வார்த்தையிலேர்ந்தே தடுமாறுறானா? படிக்கும்போது தலவலி, ரெண்டா தெரியுது, எழுத்து ஓடுது, இப்படி ஏதாவது சொல்றானா? ஒரு கண்ண மூடிட்டோ கையால மறைச்சுட்டோ படிக்கற பழக்கம் உண்டா?

வாசுகி_ர

சார், நீங்க கேட்டதும்தான் உறைக்குது. இடது கைய கன்னத்துல ஊனி உக்காருவான், கொஞ்ச நேரத்துல அந்தக் கை அப்படியே மேல ஏறி கண்ணப் பாதி மூடிரும். சோம்பேறித்தனம்னு நெனச்சு நான்தான் கையத் தட்டி விடுவேன். தலவலின்னும் சொல்லுவான், ஹோம்வொர்க் பண்ணாம இருக்க சாக்குன்னு விட்டுட்டோம். ஆனா தடுமாறுறது முதல் வார்த்தையிலேர்ந்தேதான் சார். செவுத்துல பெருசா எழுதிப் போட்டிருக்கற ஒத்த வார்த்தையக் கூட மாத்தித்தான் படிப்பான்.

கண்ணாடிக்காரன்

அப்ப ரெண்டுமே இருக்க வாய்ப்பிருக்கு. கை கண்ண மறைக்கறது கன்வர்ஜன்ஸ் குறைபாட்டுக்கு அடையாளமா இருக்கலாம், அதாவது கிட்டத்துல பாக்கும்போது ரெண்டு கண்ணையும் உள்பக்கமா இழுத்துப் பிடிச்சு வெக்க முடியல, அதனால ஒரு கண்ண கட் பண்ணிட்டு வேலையப் பாக்கறது. டெஸ்ட் ரொம்ப சிம்பிள்தான், பேனா முனையப் பாக்கச் சொல்லி மெதுவா மூக்குகிட்ட கொண்டு வருவோம், ரெண்டா தெரியுதுன்னு சொல்ற இடத்துல இல்லேன்னா ஒரு கண்ணு வெளிப்பக்கம் நழுவற இடத்துல ஸ்கேல வெச்சு அளப்போம். அஞ்சு சென்டிமீட்டர் வரைக்கும் வந்தா நல்லது. பத்து, பன்னெண்டுலயே உடைஞ்சா கவனிக்கணும். இது ஒண்ண மட்டும் வெச்சு முடிவு பண்ண மாட்டோம், ப்ரிசம் வெச்சும் பாக்கணும், தூரத்துல எவ்வளவு விலகுது, கிட்டத்துல எவ்வளவு விலகுதுன்னும் பாக்கணும்.

ஆனா செவுத்துல ஒத்தையா பெருசா இருக்கற வார்த்தையையும் மாத்திப் படிக்கிறான்னா அத கண்ணு மேல போட முடியாது. இத நானே சொல்றேன், எங்க ஆளுங்க கோவிச்சுக்குவாங்க.

சும்மா_ஒருத்தன்

எல்லாம் பிசினஸ் பாஸ். அமெரிக்காவுல குழந்தை டாக்டர் சங்கமும் கண் டாக்டர் சங்கமும் சேர்ந்து 2009-ல அறிக்கை விட்டாங்க, கண் கோளாறு டிஸ்லெக்சியாவுக்குக் காரணம் இல்ல, விஷன் தெரபிக்கும் கலர் கண்ணாடிக்கும் ஆதாரம் இல்லன்னு. சரி, அது யாரு? எம்.டி. டாக்டருங்க. தெரபி குடுக்கறது யாரு? ஆப்டோமெட்ரிஸ்ட். இவன் கடைய அவன் மூடப் பாக்கறான், அவன் கடைய இவன். நடுவுல நம்ம பசங்க. யாரையும் நம்பாதீங்க.

ஆய்வுப்பூச்சி

ஒருத்தன் ப்ரோ, அப்படின்னா நீங்க இதத்தான் கேக்கணும்: தெரபி குடுக்கறவங்களே ஒழுங்கா டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்களா, என்ன வந்துச்சு? பண்ணிருக்காங்க, அதுதான் இந்த மொத்த விவகாரத்துலயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி.

முதல் ரவுண்டு 2008. கன்வர்ஜன்ஸ் குறைபாடு இருக்கற 9 லேர்ந்து 17 வயசு வரைக்கும் உள்ள 221 பேர். நாலா பிரிச்சு 12 வாரம் சிகிச்சை. கிளினிக்குல வந்து தெரபி எடுத்தவங்கள்ல 73% பேருக்கு குணமாச்சு இல்லேன்னா தேறுச்சு, வீட்லயே பென்சில் முனையப் பாக்கற பயிற்சி பண்ணினவங்கள்ல 43%, அதோட கம்ப்யூட்டரும் சேத்துப் பண்ணினவங்கள்ல 33%, பேருக்கு ஏதோ ஒரு போலிப் பயிற்சி குடுத்தவங்கள்ல 35%. அதாவது கண் சேர்றதுக்கு கிளினிக் தெரபி வேலை செய்யுது, அதுல சந்தேகம் வேணாம். கண்ணாடிக்காரர் சார் சந்தோஷப்படலாம்.

ரெண்டாவது ரவுண்டு 2019-ல வந்துச்சு. அதே குழுதான், தலைமையும் ஒரு ஆப்டோமெட்ரிஸ்ட்தான், மிட்செல் ஷைமன். இந்தத் தடவை கேள்வி நேரா: கண்ணு சரியாச்சுன்னா வாசிச்சுப் புரிஞ்சுக்கறது கூடுமா? 9 லேர்ந்து 14 வயசுல 311 பேர், 16 வாரம், பாதிக்கும் மேல நெஜ தெரபி, மிச்சப் பேருக்கு போலி தெரபி. போலின்னா சும்மா உக்கார வெக்கறது இல்ல, அதே கிளினிக், அதே நேரம், அதே கருவி மாதிரியே இருக்கும், ஆனா கண் சேர்றதுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் கிடையாது. முடிவு: புரிஞ்சு வாசிக்கற டெஸ்ட்ல ரெண்டு குரூப்புமே ஏறுச்சு, ஒரே அளவுக்கு ஏறுச்சு, நெஜத்துக்கும் போலிக்கும் வித்தியாசம் இல்ல. எதிராளி சொன்னா பொறாமைன்னு தள்ளிரலாம், இத சொந்த வீட்டு ஆளுங்களே பண்ணி, வந்தத அப்படியே வெளியிட்டிருக்காங்க. அதுக்கு ஒரு சல்யூட்.

"எங்ககிட்ட வந்தப்புறம் மார்க் கூடிருச்சு"ங்கற அனுபவக் கதையெல்லாம் எங்கேர்ந்து வருதுன்னும் இதுல தெரியுது பாருங்க. போலி குரூப்பும் தானே ஏறுச்சு! வயசு ஏறுது, ஸ்கூல் நடக்குது, பெரியவங்க ஒருத்தர் வாரா வாரம் ஒரு மணி நேரம் பொறுமையா கூட உக்காந்திருக்காங்க.

பச்சைத்தாள்

இவ்வளவு நேரம் ஆராய்ச்சி பேசறவங்க எல்லாரும் நல்லா வாசிக்கறவங்க போல இருக்கு. எனக்கு டிஸ்லெக்சியா, இப்ப வயசு முப்பத்தஞ்சுக்கு மேல. வெள்ளைப் பேப்பர்ல கறுப்பு எழுத்து எனக்குக் கூசும், மேல பச்சை கலர் பிளாஸ்டிக் தாள் ஒண்ணு வெச்சா நிதானமா உக்காந்து படிக்க முடியுது. காலேஜ் முழுக்க அப்படித்தான் ஓட்டினேன். 'ஆதாரம் இல்ல'ன்னு நீங்க ஈசியா சொல்லிருவீங்க. நான் சொல்றது பொய்யா?

ஆய்வுப்பூச்சி

பொய்னு யாரும் சொல்லலீங்க, சொல்லவும் முடியாது. கூசுதுன்னா கூசத்தான் செய்யும், தாள் வெச்சா சுகமா இருந்தா வெச்சுக்கங்க, அதுக்கு யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேண்டியதில்ல. சிக்கல் அத ஒரு நோய்க்கு மருந்தா விக்கறதுலதான். 1980-கள்ல ஹெலன் அர்லன்னு ஒருத்தர் அமெரிக்காவுல இத ஒரு சிண்ட்ரோமாவே ஆக்கி, ஒவ்வொருத்தருக்கும் ஒரு கலர் உண்டு, அதக் கண்டுபிடிச்சுக் குடுக்கறோம்னு ஆரம்பிச்சாங்க. 2011-ல எடின்பரோவுல வாசிப்புச் சிக்கல் இருக்கற 7 லேர்ந்து 12 வயசுப் பசங்க 61 பேர அந்த முறையில பயிற்சி எடுத்த ஆளையே வெச்சுப் பரிசோதிச்சாங்க. 77% பேருக்கு இந்த சிண்ட்ரோம் இருக்குன்னு வந்துச்சு, அதுவே கொஞ்சம் இடிக்குது இல்லையா? அப்புறம் அவங்கவங்களுக்குன்னு எழுதிக் குடுத்த கலர், சம்பந்தமில்லாத வேற கலர், கலரே இல்லாத வெறும் தாள்னு மூணையும் வெச்சுப் படிக்க வெச்சாங்க. வேகத்துல வித்தியாசம் வரல.

பச்சைத்தாள்

எனக்கு வேகம் கூடுச்சுன்னு நான் எங்க சொன்னேன்? கூடல. இப்பவும் மெதுவாத்தான் படிப்பேன், 'நிர்வாகம்'ங்கறத 'நிவாரணம்'னு படிச்சுட்டு அடுத்த வரிக்குப் போனப்புறம்தான் எங்கயோ இடிக்குதேன்னு திரும்பி வருவேன். தாள் இருந்தா கூடக் கொஞ்ச நேரம் உக்கார முடியுது, அவ்வளவுதான். சரி, நீங்க சொல்றதும் நான் சொல்றதும் ஒண்ணோட ஒண்ணு மோதலன்னு இப்பப் புரியுது. வாசுகி அக்கா, பையன் கேட்டா கலர் தாள் வாங்கிக் குடுங்க, ஆனா அதுக்காக டெஸ்ட்டு, சர்டிபிகேட்டுன்னு அலையாதீங்க.

எழுத்துக்கூட்டி

நான் ஸ்பெஷல் எஜுகேட்டர். லேட்டா வர்றேன், மன்னிக்கணும், ரிப்போர்ட் எழுதற சீசன்.

'எழுத்து தலைகீழா தெரியுது, அதான் மாத்திப் படிக்கிறான்'ங்கற நம்பிக்கை ஒண்ணு அசைக்க முடியாம உக்காந்திருக்கு, பாதி வாத்தியாருங்களே அப்படித்தான் சொல்றாங்க. 1970-கள்ல ஃபிராங்க் வெல்லுட்டினோன்னு ஒருத்தர் அழகா ஒரு வேலை பண்ணினார். வாசிக்கத் தடுமாறுற பசங்களுக்கும் நல்லா வாசிக்கற பசங்களுக்கும் ஹீப்ரு எழுத்துகளக் காட்டி மறைச்சுட்டு, ஞாபகத்துலேர்ந்து வரையச் சொன்னார். ரெண்டு பேருக்குமே ஹீப்ரு தெரியாது. தடுமாறுற பசங்களும் மத்தவங்க அளவுக்கே சரியா வரைஞ்சாங்க. கண்ணுல தலைகீழா விழுந்திருந்தா இங்கயும் தலைகீழாத்தான வந்திருக்கணும்? உருவத்தப் பிடிக்கறதுல குறை இல்ல, உருவத்துக்கு ஒலியக் கோக்கற இடத்துலதான் நூல் அறுந்து போகுது. பிரெய்ல தொட்டு வாசிக்கறவங்க சிலருக்கும் இதே மாதிரிச் சிக்கல் இருக்கறதா ஆய்வு வந்திருக்கு, அங்க கண்ணுக்கு வேலையே இல்ல.

வாசுகிம்மா, வீட்லயே நீங்க பாக்கறதுக்கு ஒண்ணு சொல்றேன். அர்த்தமில்லாத சொல் நாலஞ்சு எழுதுங்க, 'கிமுடை', 'பொதலி', 'நேசுட்டு' மாதிரி, பெருசா, பேப்பருக்கு ஒண்ணா. படம் கிடையாது, கதை கிடையாது, ஊகிக்க வழியே கிடையாது. ஒரு கண்ண மூடிட்டும் படிக்கச் சொல்லுங்க, ரெண்டு கண்ணாலயும் படிக்கச் சொல்லுங்க. எங்கிட்ட வர்ற பசங்க 'பொதலி'ய 'பொ'ன்னு ஆரம்பிப்பாங்க, நிப்பாங்க, என் மூஞ்சியப் பாப்பாங்க, அப்புறம் 'பொம்மை'ம்பாங்க. கொம்பும் காலும் ரெண்டு பக்கமும் நிக்கற எழுத்துன்னா இன்னும் கஷ்டம், 'பொ' 'பெ' ஆயிரும், 'கோ' 'கே' ஆயிரும். அப்புறம் எழுதினதையெல்லாம் தூக்கி வெச்சுட்டு வாயாலயே கேளுங்க, 'பட்டம்'ல முதல் எழுத்த எடுத்துட்டா மிச்சம் என்னன்னு. கண்ண மூடிட்டே பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. இதுலயே தடுமாறினா கண் பயிற்சி எதத் தொடும்னு நீங்களே யோசிங்க.

எது வேலை செய்யுதுன்னு கேட்டா, 2014-ல, குலுக்கல் மாதிரி குரூப் பிரிச்சு நடத்தின 22 சோதனைகள ஒண்ணா சேத்து அலசினாங்க. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்ப வரிசையா, திரும்பத் திரும்பச் சொல்லிக் குடுக்கற முறை ஒண்ணுக்குத்தான் புள்ளிவிவரத்துல உறுதியான பலன் தெரிஞ்சுது. அது அலுப்புப் பிடிச்ச வேலைதான், விளம்பரம் போடறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல.

கண்ணாடிக்காரன்

டீச்சர் சொல்றதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா என் 55% அங்கயே நிக்குது, அதுக்கு யாரும் பதில் சொல்லல. டிஸ்லெக்சியா பசங்களுக்கு ஃபோகஸ் குறை ஏன் இவ்வளவு அதிகமா இருக்கு?

ஆய்வுப்பூச்சி

நியாயமான கேள்வி சார். முதல்ல, உங்க ஆய்வுல 62 பேர், பிரிஸ்டல்ல ஐயாயிரத்துச் சொச்சம், அதுவும் ஒரு ஏரியாவுல பிறந்த பசங்கள மொத்தமா எடுத்தது. ரெண்டாவது, எல்லா டெஸ்டும் ரெண்டு இடத்துலயும் ஒண்ணு இல்ல, வரியத் தொடர்ற டெஸ்ட் மாதிரி சிலது பாஸ்டன்ல மட்டும்தான்.

மூணாவதுதான் முக்கியம்: எது முன்னாடி, எது பின்னாடி? 1981-ல பாவ்லிடிஸ்னு ஒருத்தர், வரிசையா மினுக்கற லைட்டக் கூட டிஸ்லெக்சியா பசங்களோட கண்ணு ஒழுங்கா தொடரல, அதனால கண் அசைவுதான் மூலம்னு 'நியூரோசைக்காலஜியா' ஜர்னல்ல போட்டார். மத்தவங்க செஞ்சு பாத்தா அது வரல. வாசிக்கும்போது மட்டும் கண்ணு நிறைய தடவ பின்னாடி ஓடுது, ஏன்னா சொல் புரியல, திரும்பப் பாக்குது. நாமளும் புரியாத சட்டப் பத்திரத்தப் படிக்கும்போது அப்படித்தான பண்றோம். இப்ப கிளினிக்குல வரியா நம்பர எழுதிக் குடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லி கண் அசைவு டெஸ்ட்ம்பாங்களே, அதையும் கொஞ்சம் யோசிங்க. நம்பரப் பாத்து பேரச் சொல்ற வேகமே டிஸ்லெக்சியா பசங்களுக்குக் கம்மி. அப்ப அளக்கறது கண்ணையா, நாக்கையா?

அப்புறம் மூளையில அசைவப் பாக்கற பகுதி. டிஸ்லெக்சியா இருக்கறவங்களுக்கு அங்க வேலை கம்மியா நடக்குதுன்னு 1990-கள்ல ஸ்கேன்ல வந்துச்சு, ஜான் ஸ்டைன் மாதிரி ஆளுங்க அத வெச்சு பெரிய கோட்பாடே எழுப்பினாங்க. 2013-ல அமெரிக்காவுல ஜார்ஜ்டவுன் யுனிவர்சிட்டியில கினிவீர் ஈடன் குழு என்ன பண்ணுச்சுன்னா, அதே வயசுப் பசங்களோட ஒப்பிடாம, அதே அளவு வாசிக்கற சின்னப் பசங்களோட ஒப்பிட்டாங்க. வித்தியாசம் காணாமப் போச்சு. அதோட டிஸ்லெக்சியா பசங்களுக்கு தீவிரமா வாசிப்புப் பயிற்சி குடுத்தப்புறம் அந்தப் பகுதியில வேலை கூடுச்சு. அதாவது வாசிக்க வாசிக்கத்தான் பார்வையோட அந்த இயந்திரம் பழகுது. வாசிக்காததோட விளைவ எடுத்துட்டு வந்து காரணம்னு காட்டிட்டு இருந்திருக்காங்க. உங்க 55%-ல எவ்வளவு இந்த மாதிரின்னு பிரிச்சுப் பாக்காம அத வெச்சு ஆறு மாச தெரபி விக்கக் கூடாது சார்.

கண்ணாடிக்காரன்

விக்கலைங்க, நான் விக்கல 😄 ஃபோகஸ் குறைக்கு இது எவ்வளவு பொருந்தும்னு எனக்கு இன்னும் சந்தேகம்தான், ஆனா 2013 ஆய்வு கெட்டியான ஆய்வு, ஒத்துக்கறேன்.

சும்மா_ஒருத்தன்

அப்ப கண்ணுல ஒண்ணுமே இல்ல, அப்படித்தான?

எழுத்துக்கூட்டி

அப்படியும் இல்ல தம்பி. 2012-ல இத்தாலி, பிரான்ஸ் பசங்க 74 பேருக்கு எழுத்துக்கு நடுவுல இடைவெளிய நல்லா கூட்டிக் குடுத்தாங்க. எந்தப் பயிற்சியும் இல்லாம அந்த இடத்துலயே தப்பு குறைஞ்சுது, வேகமும் கூடுச்சு. பக்கத்து எழுத்து நெருக்கறது பார்வை சம்பந்தப்பட்ட விஷயம்தான். டிஸ்லெக்சியாவுக்குன்னே செஞ்ச ஃபாண்ட்டுனு ஒண்ணு சுத்துதே, அதுல ஏதாவது பலன் தெரிஞ்சா அது எழுத்து வடிவத்தால இல்ல, இடைவெளியாலதான்னு அப்புறம் சோதிச்சுச் சொன்னாங்க. இடைவெளிக்குக் காசு கிடையாது, கம்ப்யூட்டர்ல ரெண்டு கிளிக்.

வாசுகி_ர

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு வாரமா அலைச்சல், அதான் உடனே எழுத முடியல. வேற ஒரு கண் டாக்டர்கிட்ட, தெரபி விக்காத இடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போனேன். சார் சொன்ன மாதிரியே பேனா டெஸ்ட், 13 சென்டிமீட்டர்ல ஒரு கண்ணு வெளிய போயிருச்சு, நானே பக்கத்துல நின்னு பாத்தேன். கன்வர்ஜன்ஸ் குறைபாடு இருக்கு, அதோட லேசா தூரப்பார்வையும். கண்ணாடி எழுதிக் குடுத்திருக்காங்க, 12 வாரம் பயிற்சியும் சொல்லிருக்காங்க. வாசிப்பு சரியாகுமான்னு நேராவே கேட்டேன், "தலவலி போகும், ரெண்டா தெரியறது போகும், வாசிப்புக்கு இப்பப் போற கிளாஸ நிறுத்தாதீங்க"ன்னுட்டார். பயிற்சிய சனிக்கிழமைக்கு மாத்திக்கிட்டோம், டீச்சர் கிளாஸ் அப்படியே நடக்கும்.

எழுத்துக்கூட்டி மேடம், 'கிமுடை'ய ரெண்டு கண்ணாலயும் ஒரு கண்ணாலயும் ஒரே மாதிரி தப்பாத்தான் படிச்சான். 'பட்டம்'ல 'ப' எடுத்தா என்னன்னு கேட்டதுக்கு 'நூலு'ன்னான். சிரிக்கறதா அழறதான்னு தெரியல. வீட்டுக்காரரும் பக்கத்துலதான் இருந்தார், அதுக்கப்புறம் ஆறு மாசப் பேச்ச எடுக்கல. ஒரு டவுட்டு, இடைவெளி விட்டு பிரிண்ட் எடுக்கும்போது எழுத்துக்கு நடுவுல மட்டுமா, வரிக்கு நடுவுலயுமா?

எழுத்துக்கூட்டி

ரெண்டும் கூட்டுங்க. எழுத்துக்கு நடுவுல மட்டும் கூட்டினா சொல் எங்க முடியுதுன்னு தெரியாமப் போயிரும், அதனால சொல்லுக்குச் சொல் இடைவெளியும் சேத்து ஏறணும். நம்ம எழுத்துல ஒரு தொல்லை, சில சாஃப்ட்வேர்ல எழுத்து இடைவெளிய கூட்டினா கொம்பும் காலும் எழுத்த விட்டுத் தனியாப் போய் நின்னுரும். பிரிண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி 'கொ', 'சோ', 'பௌ' மூணும் ஒட்டியே இருக்கான்னு பாத்துருங்க. பிரிஞ்சா வேற ஃபாண்ட் மாத்துங்க.

கண்ணாடிக்காரன்

கண்ணாடி போட்டுட்டு நாலு வாரம் கழிச்சு அந்த 13 சென்டிமீட்டர திரும்ப அளக்கச் சொல்லுங்க மேடம், பாதிப் பேருக்கு பயிற்சி ஷீட்ட ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெக்கறதோட சரி. நம்பர் குறையலைன்னா வீட்ல பண்றதே நடக்கலன்னு அர்த்தமா இருக்கலாம். வந்து இங்க போடுங்க.